உட்காரச் சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியைப் பெரும்பாலானோர் பார்த்துவிட்டதால் நடந்ததை விரிவாகச் சொல்லவில்லை. நாட்டின் 2070 உமிழ்வு இலக்கையொட்டி, காற்றாலை மின்சாரத்தை எடுத்துச் செல்லும் பாதைகளைப் பற்றிக் கேட்க எழுந்தேன். “2070-இல் நீங்களும் இருக்கப் போவதில்லை, நானும் இருக்கப் போவதில்லை, உட்காருங்கள் ஐயா” என்றார் பேச்சாளர். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தபடியே உட்கார்ந்தேன்; காணொளியில் அதுவும் தெரிகிறது.

2070-க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவோம், அதாவது வெளியிடும் பசுங்குடில் வாயுக்களும் உறிஞ்சப்படுவனவும் சமமாகும் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்தது. மறு ஆண்டே அதற்கான நீண்டகால உத்தியையும் ஐ.நா.விடம் அளித்தது. ஆனால் 2070 என்பது 2070-இல் செய்யும் வேலை அன்று. நிலக்கரி மின்நிலையம் ஒன்றை நாற்பது ஆண்டுகள் ஓட்டலாம். 2030-இல் மூட்டும் உலை 2070-இலும் எரியும், அல்லது பாதியில் மூட நேர்ந்தால் போட்ட முதலின் மீதியை மின்கட்டணத்தில் நம் பிள்ளைகள் சுமப்பார்கள். அந்த முடிவை எடுப்பவர்கள் இன்று உயிரோடிருப்பவர்கள்தாம், மேடையில் இருந்தவர் உட்பட.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருபத்திரண்டு ஆண்டுகள் காற்றாலைப் பராமரிப்பில் இருந்தேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்கு வெறும் பழமொழி அன்று. அந்த மாதத்தில்தான், மின்கட்டமைப்பு தாங்காது, ஆலையை நிறுத்துங்கள் என்று தொலைபேசி வரும். நிறுத்திவிட்டுத் தேநீர்க் கடைக்கு வந்தால், “காத்து இந்தப் போடு போடுது, ஏன் தம்பி நிக்குது?” என்று ஒரு பெரியவர் கேட்பார். ஒவ்வோர் ஆண்டும் கேட்டார். ஒவ்வோர் ஆண்டும் பழுது என்று பொய் சொன்னேன். காற்றாலையை ஓரிரு ஆண்டில் நிறுவிவிடலாம். மின்சாரத்தைச் சுமந்து செல்லும் உயரழுத்தப் பாதைக்கும் சேமித்துவைக்கும் நீரேற்று நிலையத்துக்கும் அதைவிட நெடுங்காலம் வேண்டும். முன்னதைத் திறந்துவைத்தவர்கள் பின்னதை மறந்தார்கள்.

“இரவில் விளக்கெரிவது நிலக்கரியால்தானே?” என்பீர்கள். உண்மை. அதனால்தான் சேமிப்பு வேண்டும் என்கிறேன். ஆனைமலைப் பகுதியில், உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேலணைக்கு ஏற்றித் தேவையானபோது இறக்கும் கடம்பாறை 400 மெகாவாட் நிலையம் 1980-களின் இறுதியில் ஓடத் தொடங்கியது. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாநிலத்தின் முதல் காற்றாலைகள் சுழன்றது 1986-இல். அதாவது, காற்றாலை என்றால் என்னவென்று ஊருக்கே சரியாகத் தெரியாத நாளில் யாரோ அந்த மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். நீலகிரியில் குந்தாவின் 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் பேசப்பட்டபோது பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளோ இன்று வேலைக்குப் போகிறார்கள்.

மேலைநாடுகள் முதலில் குறைக்கட்டும் என்பது நியாயமான வாதம். ஆனால் நம்முடைய மின்பாதையை நாம் தாமதமாக இழுப்பதற்கு அது எப்படிக் காரணமாகும் என்பது எனக்கு விளங்கவில்லை. “காற்றாலைக் கம்பெனிக்காரர் வேறெப்படிப் பேசுவார்?” என்று ஒரு நண்பரே எழுதியிருந்தார். அந்தக் கம்பெனி எனக்கு ஓய்வூதியம்கூடத் தருவதில்லை, நண்பரே. முழங்கால் வலியை மட்டும் தந்தது. எண்பது மீட்டர் ஏணியில் ஏறி இறங்கியபோது யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

வயதானவன் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால் அது நகைச்சுவையாகிவிடுகிறது. இளைஞன் கேட்டால் அனுபவம் இல்லை என்பார்கள். பிறகு யார்தான் கேட்பது?

என் கேள்வி நான்கே வரி, எழுதியே கொண்டுபோயிருந்தேன். இனி அமையும் ஒவ்வொரு காற்றாலைக்கும், அதன் மின்சாரத்தை எந்தப் பாதை எந்த ஆண்டில் எடுத்துச் செல்லும் என்று முன்கூட்டியே வெளியிடுவீர்களா என்பதுதான் அது. இரண்டாவது வரியில் உட்கார்ந்துவிட்டேன். தாள் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.