"தண்ணி வேணுமான்னு கேளு"

எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டு வாசலில் மீன்கார ஆயா கூடையை இறக்கியதும் என் மாமியார் முதலில் பேசுவது அவரிடம் இல்லை, என் இரண்டு வயது மகளிடம். "ஆயா வந்திருக்காங்க பாரு, வாங்கன்னு சொல்லு. தண்ணி வேணுமான்னு கேளு." பாட்டியின் புடவையைப் பிடித்துக்கொண்டே அவள் "தண்ணி ஓணுமா?" என்பாள். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் அந்த அம்மா, "குடு கண்ணு" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்.

மகளைச் சேர்த்திருக்கும் விளையாட்டுப் பள்ளியில் வேறு மாதிரி சொன்னார்கள். பொருளைக் காட்டிப் பேர் கேளுங்கள், கலர் கேளுங்கள், ஆங்கிலத்திலேயே கேளுங்கள், பாட்டி மழலையில் கொஞ்சுவதைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று. ஒரு மாதம் நானும் பந்தைக் காட்டி "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டேன். அம்மாவுக்கே தெரிந்ததை எதற்குக் கேட்கிறாள் என்பது போல என்னைப் பார்த்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை, தேடிப் படித்தேன். 1993-இல் ஃபெர்னால்ட், மொரிகாவா என்ற இருவர் அமெரிக்க, ஜப்பானிய அம்மாக்கள் பொம்மையை வைத்துக் குழந்தையிடம் பேசுவதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க அம்மாக்கள் அதிகம் சொன்னது பொம்மையின் பெயரை. ஜப்பானிய அம்மாக்களோ அதைக் கொடுத்து வாங்கி, நன்றி சொல்லிப் பழக்கினார்கள். பாப்புவா நியூ கினியின் கலூலி மக்கள் கைக்குழந்தையைத் தங்கள் பக்கம் திருப்பிக் கொஞ்சுவதில்லை. வெளியே பார்க்கப் பிடித்துக்கொண்டு, குழந்தையே பேசுவது போலத் தாங்களே கீச்சுக்குரலில் மற்றவர்களிடம் பேசுவார்கள். அது பேசத் தொடங்கியதும், ஒரு வாக்கியத்தைச் சொல்லி "எலெமா" என்பார்கள். 'இப்படிச் சொல்லு' என்று அர்த்தம். படித்ததும் அத்தையின் குரல்தான் காதில் கேட்டது. கலூலிகள் மழலையில் பேசுவதையே விரும்பமாட்டார்கள், எங்கள் வீட்டிலோ மம்மம், பாச்சி, ஜோஜோ இல்லாமல் ஒரு நாளும் போகாது. இரண்டு இடத்துக் குழந்தைகளும் நன்றாகத்தான் பேசுகின்றன.

பேர் சொல்லித் தருவது தப்பில்லை. ஆனால் எதிரே இருப்பவருக்குத் தாகமா என்று கேட்கப் பழகுவதும் பேச்சுதானே? அதை எந்த மதிப்பெண் அட்டையிலும் நான் பார்த்ததில்லை. போன வாரம் ஒருநாள் மீன்கார ஆயா வரவில்லை. வாசற்படியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தவள் "ஆயா காணோம், தண்ணி?" என்றாள். அதை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.