பீட்டர் மூர்ஸ் டெஸ்ட் ஆடியவரா?
பீட்டர் மூர்ஸ் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடிய விக்கெட் கீப்பர் என்றும், அதனாலேயே 2007இல் அவருக்கு அந்த அணியின் பயிற்சியாளர் பொறுப்பு கிடைத்தது என்றும் பலர் பகிர்ந்துள்ளனர். அவர் கீப்பர் என்பது சரி. ஆனால் டெஸ்டிலோ ஒருநாள் சர்வதேசப் போட்டியிலோ அவர் ஒருமுறைகூட ஆடியதில்லை. வூஸ்டர்ஷயரில் தொடங்கி, 1985 முதல் 1998 வரை சசெக்ஸுக்கு ஆடிய அவருடைய ஆட்ட வாழ்க்கை பெரும்பாலும் கவுண்டி (இங்கிலாந்தின் உள்நாட்டு வட்டார அணிகள்) அளவிலேயே அமைந்தது. (ஜாக் ரஸ்ஸலும் அலெக் ஸ்டூவர்ட்டும் கீப்பர்களாக இருந்த காலத்தில் வேறொரு கீப்பருக்கு இங்கிலாந்து அணியில் இடம் கிடைப்பது எளிதன்று.) பயிற்சியாளராக அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது, 1839இல் தோன்றிய சசெக்ஸ் கிளப் தன் முதல் கவுண்டி சாம்பியன்ஷிப்பை அவருடைய பயிற்சியின் கீழ் 2003இல் வென்றதுதான்.

சரிபார்க்க விரும்புவோர் கிரிக்இன்ஃபோ என்ற கிரிக்கெட் இணையதளத்தில் அவருடைய பக்கத்தைத் திறந்து புள்ளிவிவர அட்டவணையைப் பார்க்கலாம். அதில் முதல்தர (பல நாள்), லிஸ்ட் ஏ (ஒருநாள்) உள்நாட்டு ஆட்டங்களுக்கான வரிசைகள் மட்டுமே இருக்கும். இங்கிலாந்து டெஸ்ட் வீரர்களின் தொப்பி எண் (அறிமுக வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் தரப்படும் எண்) பட்டியலைத் தேடினாலும் அவர் பெயர் அதில் கிடைக்காது.