ரெட்கிரேவுக்கும் சுகர் இருந்தது, சரி. அப்புறம்?

சுகர் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ் படத்தைப் போட்டு ‘மன உறுதி இருந்தால் எல்லாம் முடியும்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். மனிதருக்கு மன உறுதி மலையளவு, மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து அவர் ஜெயிக்கவில்லை.

இங்கிலாந்தில் தேம்ஸ் கரையிலுள்ள மார்லோ ஊர்க்காரர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் முதல் 2000 சிட்னி வரை வரிசையாக ஐந்து ஒலிம்பிக், ஐந்திலும் துடுப்புப் படகில் தங்கம். 1996 அட்லாண்டாவில் நான்காவதை வாங்கிய கையோடு, இனி என்னைப் படகுப் பக்கம் பார்த்தால் சுட்டுவிடுங்கள் என்றார். யாரும் சுடவில்லை, சில மாதத்தில் அவரே திரும்பி வந்துவிட்டார். 1997இல் சுகர் என்று தெரிந்தது. வயது 35. பெருங்குடல் அழற்சி வேறு ஏற்கெனவே இருந்தது.

நம் வீடுகளில் சுகர் என்றதும் முதலில் சோற்றைத்தான் குறைப்போம். நாளெல்லாம் துடுப்பு வலிக்கிறவரிடம் அது பலிக்காது. இனிப்பைக் குறைத்துப் பார்த்தார், உடம்பில் தெம்பு இல்லை. கடைசியில் பழையபடி நாளுக்குச் சுமார் 6,000 கலோரி சாப்பிட்டு, அதற்கேற்ப இன்சுலினைப் பலமுறை போட்டுக்கொண்டார். துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன கையில் விரல் நுனியைக் குத்திக் குத்தி அளந்தபடி மூன்று வருடம். மருத்துவர் கூடவே இருந்தார். படம் அனுப்புகிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதே இல்லை.

இன்னொன்று, சிட்னி படகில் நான்கு பேர். கிராக்னெல், ரெட்கிரேவ், ஃபாஸ்டர், பின்சென்ட். அந்த வருடமே சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் நடந்த போட்டியில் இதே நால்வர் நான்காவதாக வந்து தலைகுனிந்தார்கள். சிட்னியில் 2,000 மீட்டர் வலித்து முடித்தபோது இத்தாலியைவிட 0.38 வினாடிதான் முன்னால். ஒருவர் துடுப்பு ஒருமுறை பிசகியிருந்தால் ஐந்தாவது தங்கம் கிடையாது. கோட்டைத் தாண்டியதும் பின்சென்ட் நடுவிலிருந்த ஃபாஸ்டர் மேல் ஏறித் தவழ்ந்து போய் ரெட்கிரேவைக் கட்டிப்பிடித்தார், அப்படியே தண்ணீரிலும் விழுந்தார். அவ்வளவு பெரிய உருவம்!

அந்தப் பின்சென்ட் 2004 ஏதென்ஸில் ரெட்கிரேவ் இல்லாத படகில் 0.08 வினாடியில் ஜெயித்தார். அவருக்கு மொத்தம் நான்கு தங்கம். என்னைக் கேட்டால் ரெட்கிரேவைவிட இவர் ஒரு படி மேல். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.