“தினமும் புத்திசாலி என்று சொன்னாலே போதும்” என்பது சரியல்ல

“பிள்ளையிடம் தினமும் ‘நீ புத்திசாலி’ என்று சொல்லுங்கள், தன்னம்பிக்கை தானாக வரும், ஆய்வே சொல்கிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆய்வு சொல்வது கிட்டத்தட்ட நேரெதிர். 1998இல் முல்லர், ட்வெக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகளில், அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்கள் ஒரு கடினமான சுற்றில் தடுக்கியதும் சோர்ந்துபோனார்கள். அடுத்த சுற்றில் முன்பைவிடக் குறைவாகவே செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தளரவில்லை.

காரணம் எளிது. ‘புத்திசாலி’ என்பது பட்டம். ஒரு தவறு வந்தால் பட்டமே போய்விடும் என்று பிள்ளை பயப்படுகிறது.

அதற்காகப் பலத்தைச் சொல்லவே கூடாது என்று அர்த்தமில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: “கணக்கைப் படமாக வரைந்துகொண்டாய், அதனால்தான் எங்கே பிசகியது என்று நீயே கண்டுபிடித்தாய்.” அன்றைக்கே சொல்வது நல்லது. கூச்சப்படும் பிள்ளையிடம் தனியாக. பிறகு, பலரும் தவறவிடும் ஒரு கட்டம் உண்டு: அந்தப் பலத்தைப் பிள்ளை தடுமாறும் இடத்துக்குக் கொண்டுபோவது. படம் வரைபவரிடம் பின்னக் கணக்கைப் பட்டையாக வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். உளவியலாளர் பண்டூரா சொன்னபடி, தன்னால் முடியும் என்ற எண்ணத்துக்கு வலுவான ஊற்று, தானே செய்து முடித்த அனுபவம்தான். பாராட்டுக்கு அவ்வளவு வலு இல்லை.

மிக எளிய வேலைக்கு “அபாரம்!” என்பதையும் விட்டுவிடலாம். ‘என்னிடம் இவ்வளவுதான் எதிர்பார்க்கிறார்கள் போல’ என்று சற்று வளர்ந்த பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.