படகு வாடகைக்கும் ஒரு உதவித்தொகை வேண்டும்

என்னிடம் படித்த ஒரு மாணவியின் அம்மா பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார். மகள் முதுகலை தாவரவியல். கடைசி செமஸ்டர் ஆய்வுக்கு அவள் கொண்டுவந்த கேள்வி இது: "அம்மா பறிச்ச இடத்துல பாசி திரும்ப முளைக்க எத்தனை நாள் ஆகுது சார்?" என் ஆசிரியர் வேலையில் இவ்வளவு நல்ல கேள்வியோடு வேறு யாரும் என் முன்னால் வந்து நின்றதில்லை.

அந்த ஆய்வு நடக்கவே இல்லை. மாதம் நாலு தடவையாவது வத்தை, அதாவது சின்னப் படகு, வாடகைக்கு எடுக்க வேண்டும். டீசல், கூட வருகிற ஆளுக்குக் கூலி, மாதிரிகளை ஐஸில் வைத்துக் கொண்டுவரப் பெட்டி என்று கணக்குப் போட்டோம். அவள் அம்மாவின் ஒரு மாத வருமானம் அதற்குக் காணாது. கடைசியில் காயவைத்த பாசியை விலைக்கு வாங்கி, ஆய்வகத்தில் ஏதோ சோதனை செய்து பட்டம் வாங்கினாள். மதிப்பெண் நன்றாகத்தான் வந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

போன மாதம் வேறொரு மாணவனுக்காக வெளிநாட்டு உதவித்தொகைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கனடா அரசின் வடபகுதி அறிவியல் பயிற்சித் திட்டம் கண்ணில் பட்டது. 1961 முதல் நடக்கிறது. வடதுருவப் பகுதிக்குக் களஆய்வுக்குப் போகும் கனடா மாணவர்களுக்கு, அவர்களுடைய பல்கலைக்கழகங்கள் வழியாகப் பணம் போகிறது. எதற்கெல்லாம் தருகிறார்கள் என்று பார்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போக்குவரத்து, தங்கும் இடம், கருவிகளை ஏற்றி இறக்கும் செலவு, மொழிபெயர்ப்பாளருக்கான கூலி. அவ்வளவுதான். நம் கணக்குத் தாளில் நானும் அவளும் எழுதியது கிட்டத்தட்ட அதே பட்டியல்.

அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவின் வடதுருவ ஆய்வு நிலையம் இருக்கிற கேம்பிரிட்ஜ் பே ஊருக்குத் தெற்கிலிருந்து சாலையே கிடையாது. விமானத்தில் போக வேண்டும். கப்பல் வருவது கோடையில் மட்டும். இடத்துக்குப் போய்ச் சேர்வதே பெரும் செலவு என்பதை ஒப்புக்கொண்டு திட்டம் போட்டிருக்கிறார்கள்.

நம் தீவுகள் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதில் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிற கடல் இது, ஆனால் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளில் பாதிப்பேர் பவளப்பாறையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உண்டு, சரி. அது முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு. முதுகலை மாணவர்களின் ஆய்வுக்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் ஒரு சிறு தொகை தருகிறது, நல்ல விஷயம். அந்தத் தொகையை வைத்துக்கொண்டு ஒரு செமஸ்டர் முழுக்கக் கடலுக்குப் போய்வர முடியாது.

மொழிபெயர்ப்பாளர் கூலி என்பதை இரண்டு தடவை படித்தேன். கனடாவின் வடக்கே வாழும் பூர்வகுடிகளான இனுயிட் பெரியவர்களிடம் கடற்பனியைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் அவர்கள் மொழி தெரிந்த ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இங்கே வெளியூரிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு வாடைக்காற்றும் கச்சான் காற்றும் கடலடிப் பாறையான பாரும் என்னவென்று சொல்லிக்கொடுப்பது எங்கள் மீனவர்கள்தான். வாடைக்காற்றில் வடகடலான பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், தென்கடலான மன்னார் வளைகுடா அமைதியாக இருக்கும், தென்மேற்குக் காற்று வந்தால் அப்படியே மாறிவிடும் என்பதைக் கேட்டுத்தான் அவர்கள் கடலில் இறங்கும் தேதியையே குறிக்கிறார்கள். அதற்கு ஒரு டீயும் நன்றியும் போதும் என்று நினைக்கிறார்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் லட்சுமி 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை வாங்கினார். பாசி எடுக்கும் நாட்களைத் தாங்களே மாதம் 12 ஆகக் குறைத்துக்கொண்ட பெண்களின் தலைவி அவர். அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது எந்த ஆய்வறிக்கையிலும் முழுதாக ஏறவில்லை.

வடக்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. கனடாவின் இனுயிட் அமைப்பு 2018-ல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. எங்கள் மண்ணில் நடக்கும் ஆய்வில் முடிவெடுக்கும் இடத்தில் நாங்கள் இருக்க வேண்டும், பணம் எங்கள் கைக்கும் நேராக வர வேண்டும் என்று கேட்டார்கள். அத்தனை வருடம் உதவித்தொகை ஓடிய பிறகும் அதைக் கேட்க வேண்டியிருந்தது. ஆகவே இங்கே ஒரு திட்டம் வந்தால், முதல் விண்ணப்பம் கரையோரப் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. படகு மட்டும்தான் தேவை.

அரசு எப்போது செய்யும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. கூடப் படித்த இரண்டு நண்பர்களும் நானும் பேசி, இந்த வருடம் ஒரு மாணவரின் படகுச் செலவை ஏற்பதாக முடிவு செய்திருக்கிறோம். டீசலுக்கு மட்டும் கொடுங்கள் போதும் என்று வேதாளையில் ஒரு அண்ணன் தன் வத்தையைத் தரச் சம்மதித்திருக்கிறார். அந்த மாணவியையும் கூப்பிட்டுப் பேசினேன். இப்போது மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அந்தக் கேள்வியை யாராவது எடுத்துச் செய்தால், அம்மா பறிக்கிற இடங்களைத் தானே வந்து காட்டுவதாகச் சொன்னாள்.