அந்தப் படம் கூடங்குளம் அல்ல

மன்னார், வவுனியா பக்கத்து வாட்ஸப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. பெரிய சீமெந்துக் கட்டடம், கூரைமேல் சரிவாக வெட்டிய புகைபோக்கி மாதிரி ஒன்று. "கூடங்குளம் அணு உலை, புகை இந்தப் பக்கம் வருகிறது" என்று கீழே எழுதியிருக்கிறார்கள்.

அது வட இந்தியாவின் சண்டிகார் நகரில் உள்ள சட்டமன்றம். லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1960களின் தொடக்கத்தில் கட்டி முடித்தது. பஞ்சாப், ஹரியானா இரண்டு மாநிலச் சட்டமன்றங்களும் அங்கேதான் கூடுகின்றன. புகைபோக்கி போலத் தெரிவது அவை மண்டபத்தின் கூரை. அனல்மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரங்களைப் பார்த்துத்தான் அவர் அந்த வடிவத்தை எடுத்தார், அதனால் ஆட்கள் குழம்புவதில் வியப்பில்லை. ஆனால் அதற்குள் புகை இல்லை. மேலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. எவ்வளவு அழகான யோசனை!

கூடங்குளத்தில் இப்போது ஓடும் உலைகள் கடல்நீரால் குளிர்விக்கப்படுகின்றன, அவற்றுக்கு இப்படிக் கோபுரமே கிடையாது. அங்கே தெரிவது உருண்டைக் குவிமாடங்கள்.

யுனெஸ்கோ 2016இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த கொர்பூசியேயின் 17 படைப்புகளில் இந்தச் சட்டமன்றம் உள்ள சண்டிகார் வளாகமும் ஒன்று. யுனெஸ்கோ தளத்தில் படத்தோடு பார்க்கலாம்.

அணு உலை பற்றிக் கரையோரச் சனத்துக்குள்ள கவலை வேறு விஷயம், அதைப் பேசத்தான் வேண்டும். இந்தப் படத்தை மட்டும் தயவுசெய்து இனி அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.