பம்ப் ஸ்டவ் மேல் விழுந்த பழி

பரணிலிருந்து பழைய மண்ணெண்ணெய் அடுப்பான பித்தளை பம்ப் ஸ்டவ் இறங்கினால் பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. பழைய பித்தளைக்கு எடை போட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் புளி போட்டுத் தேய்த்து ஹால் அலமாரியில் வைக்கிறார்கள். மறுபடி பற்றவைக்கலாமே என்றால் வீடே பதறுகிறது: "ஐயோ, அது வெடிக்கும்!"

இந்தப் பயத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். இரண்டு மூன்று தலைமுறைக்குக் காபியும் சோறும் ஆக்கிப் போட்ட ஒரு சாதனத்தைக் கொலைகாரன் போல நினைவில் வைத்திருப்பது அநியாயம்.

1892-ல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கியது இந்த அடுப்பு. பிரைமஸ் என்ற பெயரில் உலகமெங்கும் போனது. 1911-ல் தென் துருவத்தை முதலில் எட்டிய அமுண்ட்சென் குழு உறைபனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சியதும் பிரைமஸில்தான். நம் ஊரில் விறகடுப்பின் புகையிலிருந்து விடுதலை கொடுத்தது இதுவே. கேஸ் இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களுக்கும், ஒற்றை அறையில் பொங்கித் தின்றவர்களுக்கும் சமையலறை என்றால் இதன் இரைச்சல்தான்.

உள்ளே நடப்பது எளிமையானது. மண்ணெண்ணெய் திரவமாக எரிந்தால் மஞ்சள் சுவாலையும் கரியும்தான் வரும். ஆவியாக்கிக் காற்றோடு கலந்து எரித்தால் நீலச் சுவாலை. பம்ப் அடித்தால் தொட்டிக்குள் காற்றின் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் எண்ணெயை நடுக்குழாய் வழியாக மேலே தள்ளும். பர்னரின் வளைந்த குழாய்கள் ஏற்கெனவே சூடாக இருப்பதால் எண்ணெய் அங்கேயே ஆவியாகி, நிப்பிளின் ஊசித் துளை வழியாகச் சீறும். எரியத் தொடங்கிய பிறகு அந்தச் சுவாலையே பர்னரைச் சூடாக வைத்துக்கொள்ளும். ஆக, முதல் சூட்டை மட்டும் நாம் கொடுக்க வேண்டும். சிக்கல் எல்லாம் இந்த முதல் சூட்டில்தான்.

முறை இது. தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது. காற்றுக்கு இடம் வேண்டும். துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், அடி மண்டிதான் நிப்பிளை அடைக்கும். காற்றுத் திருகைத் திறந்தே வைத்து, பர்னரின் கழுத்தைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் இரண்டு டீஸ்பூன் ஸ்பிரிட் விட்டுப் பற்றவையுங்கள். ஸ்பிரிட் இல்லாத வீடுகளில் கம்பியில் சுற்றிய துணியை மண்ணெண்ணெயில் நனைத்து வைப்பார்கள். அது கரி பிடிக்கும், ஆனால் வேலை நடக்கும். இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். கிண்ணத்துத் தீ அணையப் போகும் நேரத்தில் திருகை மூடி, மூன்று நான்கு முறை மட்டும் பம்ப் அடியுங்கள். சுவாலை நீலமாகி, "உஸ்ஸ்" என்ற சத்தம் ஒரே சீராக வந்த பிறகு இன்னும் பத்துப் பதினைந்து அடி. தீயைக் குறைக்கத் திருகை ஒரு நொடி திறந்து கொஞ்சம் காற்றை விடுவார்கள். கூட்ட வேண்டுமென்றால் மறுபடி பம்ப்.

அவசரப்பட்டு, பர்னர் சூடாகும் முன்பே பம்ப் அடித்தால் ஆவிக்குப் பதிலாக எண்ணெயே பீய்ச்சும். மஞ்சள் தீ ஆள் உயரத்துக்கு எழும்பும். பார்த்தவர்கள் "ஸ்டவ் வெடிச்சுது" என்று சொன்னதில் பெரும்பகுதி இதுதான். தொட்டி உடையவில்லை. காற்றுத் திருகைத் திறந்துவிட்டால் அழுத்தம் இறங்கி, தீயும் சட்டென்று குறைந்துவிடும். ஓட வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். திருகுக்குக் கை எட்டாவிட்டால் நனைத்த சாக்கைப் போட்டு மூடுங்கள். பற்றவைக்கும்போது நைலான் சேலையும் தொங்கும் துப்பட்டாவும் ஆகாது என்று பெரியவர்கள் கண்டித்தது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

நிஜமாகவே ஆபத்தான தவறுகளும் உண்டு. எரியும் அடுப்பின் மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றுவது. பெட்ரோல் கலந்த எண்ணெயைப் பயன்படுத்துவது. சாதாரண வெயிலிலேயே பற்றக்கூடிய ஆவி பெட்ரோலிலிருந்து கிளம்பும், மண்ணெண்ணெய் அப்படியல்ல. நிப்பிள் அடைத்திருப்பது தெரியாமல் பம்ப் அடித்துக்கொண்டே போவது. இவை எல்லாம் மனிதர் செய்யும் தவறுகள், தவிர்க்கக் கூடியவை.

எழுபது, எண்பதுகளின் செய்தித்தாள்களில் "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்ற தலைப்பு திரும்பத் திரும்ப வந்தது. அவற்றில் விபத்துகளும் இருந்தன. ஆனால் வரதட்சணைக்காக எரிக்கப்பட்ட பெண்களின் கதையை மூடவும் அதே வாக்கியம்தான் பயன்பட்டது. 1986-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304-பி பிரிவைச் சேர்த்து, திருமணமான 7 ஆண்டுகளுக்குள் நடக்கும் இத்தகைய சாவுகளை வரதட்சணை மரணம் என்று தனியாக வரையறுக்க வேண்டிய நிலை வந்தது. வெடித்ததாகச் சொன்ன அடுப்பின் தொட்டி கிழியாமல், பிளக்காமல் முழுசாக நின்றால் அது எங்கே வெடித்தது? அந்தக் கேள்வியை அன்று போதுமான பேர் கேட்கவில்லை. மாமியார் வீட்டாரின் குற்றத்தை ஒரு பித்தளைப் பாத்திரம் சுமந்தது. அந்தப் பெண்களுக்கு நடந்த அநீதியோடு ஒப்பிட்டால் அடுப்பின் பழி ஒன்றுமில்லைதான். ஆனாலும் அந்தப் பொய்யை இன்றும் நாம் அப்படியே நம்பித் திருப்பிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

பழுதுக்கு வருவோம். பம்ப் ஸ்டவ்வின் அழகே, ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறி வெளியே தெரியும் என்பதுதான்.

பம்ப் கட்டை தடையே இல்லாமல் லொடலொடவென்று போய் வருகிறதா? தோல் வாஷர் காய்ந்துவிட்டது. பம்பின் மூடியைத் திருகிக் கம்பியை வெளியே இழுங்கள். முனையில் சின்னக் கிண்ணம் போல ஒரு தோல் இருக்கும். அதன் விளிம்பை விரலால் மெல்ல விரித்துவிட்டு விளக்கெண்ணெயில் ஊறவைத்தால் பாதி வாஷர்கள் பிழைத்துக்கொள்ளும். தேறாவிட்டால், மெல்லிய தோலைக் குழாயின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டமாக வெட்டி, வெந்நீரில் ஊறவைத்து அழுத்தினால் கிண்ண வடிவம் வந்துவிடும். கிண்ணத்தின் வாய் தொட்டியை நோக்கி இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் காற்றே ஏறாது.

பம்ப் கட்டை தானாக மேலே எழும்பி வருகிறது, கம்பியோரம் எண்ணெய் கசிகிறது என்றால் குற்றம் வாஷரில் இல்லை. பம்ப் குழாயின் அடியில் இருக்கும் சின்ன வால்வில்தான். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் சிறு கார்க் அல்லது ரப்பர் துண்டும் இருக்கும். அந்தத் துண்டு தேய்ந்திருக்கும். அதை மாற்றாமல் அந்த அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது.

சுவாலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, சத்தம் விட்டு விட்டு வந்தாலோ ஸ்டவ் பின். விரல் நீளத் தகரத் துண்டு, நுனியில் முடி போல ஒரு கம்பி. அந்நாளில் எந்த வீட்டிலும் அடுப்பங்கரைச் சுவரில் காலண்டர் ஆணியோடு செருகியிருக்கும். பின்னை நேர்ச் செங்குத்தாக இறக்கி, நேராகவே எடுக்க வேண்டும். கோணினால் கம்பி உள்ளே முறிந்து நிப்பிளையே கழற்ற வேண்டிவரும். பின் கிடைக்கவில்லை என்று தையல் ஊசியால் குத்தியவர்கள்தான் அதிகம் அடுப்பைக் கெடுத்தார்கள். துளை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அது பெரிதானால் எண்ணெய் ஆவி அளவுக்கு மீறி வரும். காற்று போதாமல் சுவாலை மஞ்சளாகிப் பாத்திரமெல்லாம் கரி. புது நிப்பிள் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பரணிலிருந்து இறக்கிய அடுப்பை நேராகப் பற்றவைக்காதீர்கள். கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, திருகை மூடி, இரண்டு மூன்று அடி மட்டும் பம்ப் அடித்து, தொட்டியின் ஈயப் பற்று, பர்னர் பொருத்து, மூடி மூன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடம் கசியும் இடம். நிப்பிளில் ஒரு பொட்டு எண்ணெய் எட்டிப் பார்த்தால் குழாய் அடைக்கவில்லை என்று அர்த்தம்; உடனே காற்றை விட்டு அதைத் துடைத்துவிடுங்கள். கசியும் தொட்டிக்கு ஈயப் பற்று வைக்கக் கொடுப்பதானால் எண்ணெயைக் கொட்டிக் கழுவி, தண்ணீர் நிரப்பிக் கொடுங்கள். உள்ளே தேங்கிய ஆவியில் நெருப்புக் காட்டக் கூடாது. முதல் தடவை வீட்டுக்கு வெளியே, சிமெண்டுத் தரையில் வைத்துப் பற்றவையுங்கள்.

திரும்ப எடுத்து வைக்கும்போது எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, காற்றுத் திருகைத் தளர்த்தி, வாஷரில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடுங்கள். பின்னை ஒரு துணியில் முடிந்து அடுப்பின் காலிலேயே கட்டிவையுங்கள்; அடுத்து இறக்குபவர் ஊசியைத் தேட மாட்டார்.